நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களுக்குச் சமையல் இங்கிலீஷ்

சமையல் இங்கிலீஷ் என்றாலே எல்லாரும் காய்கறிப் பெயரில்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மயிலாப்பூர் மாட வீதியிலோ கோயம்பேட்டிலோ கத்தரிக்காயை இங்கிலீஷில் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரப்போவதில்லை. ஆனால் இங்கிலீஷ் ரெசிப்பி வீடியோ ஒன்றைப் போட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்கும்போது, காய் கண்ணுக்குத் தெரிகிறது, அதை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதுதான் பிடிபடுவதில்லை. அதனால் வினைச்சொல்லில் தொடங்குவோம். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் சமையலறை அலமாரியிலேயே இருக்கட்டும்.

முதல் படி: கத்தி வேலை

வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான், பெயர் மட்டும்தான் புதுசு. நறுக்குவதற்குப் பொதுவாக ‘சாப்’. பொடியாக நறுக்கச் சொன்னால் ‘ஃபைன்லி சாப்’. பிரியாணிக்கு வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிசாக அரிகிறோமே, அது ‘ஸ்லைஸ்’. உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டினால் ‘டைஸ்’. தேங்காய் துருவுவது ‘கிரேட்’, தோல் சீவுவது ‘பீல்’. பச்சை மிளகாயைத் துண்டாக்காமல் நடுவில் கீறிப் போடுவது ‘ஸ்லிட்’. நம் வீட்டுச் சமையலில் தினமும் வருவதால் இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அடுப்பு வேலை

இங்கேதான் நிதானமாகப் போக வேண்டும், ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. தண்ணீரில் வேகவைப்பது ‘பாயில்’. ‘பிரிங் டு எ பாயில்’ என்றால் கொதி வரும்வரை விடு என்று அர்த்தம், அடுத்த வரியிலேயே அநேகமாக ‘சிம்மர்’ வரும், அதாவது தீயைக் குறைத்து மெல்லக் கொதிக்கவிடு. அடுப்பைச் சிம்மில் வை என்று தினமும் சொல்கிறோமே, அதே சிம்தான். ஆவியில் வேகவைப்பது ‘ஸ்டீம்’, வதக்குவது ‘சோட்டே’, எண்ணெய் இல்லாமல் வெறும் வாணலியில் வறுப்பது ‘டிரை ரோஸ்ட்’. அப்பளம் மாதிரி எண்ணெயில் முழுகப் பொரித்தால் ‘டீப் ஃப்ரை’. தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வஞ்சிரத்தை இரண்டு பக்கமும் சிவக்க விட்டால் ‘ஷாலோ ஃப்ரை’.

தாளிப்புக்கு ‘டெம்பரிங்’ என்று சொல்லலாம். ஆனால் நம் ஊர்ச் சமையல் தெரியாத ஒருவருக்கு அது புரியாமல் போகலாம். அவரிடம், ‘ஹீட் சம் ஆயில், ஆட் மஸ்டர்ட் சீட்ஸ், லெட் தெம் ஸ்ப்ளட்டர்’ என்று செய்வதை அப்படியே சொல்லிவிடுங்கள். கடுகு படபடவென்று வெடிப்பதற்கு ‘ஸ்ப்ளட்டர்’ நல்ல சொல்.

இன்னொன்று. நாம் டீ போடுவோம், குழம்பு வைப்போம், தோசை சுடுவோம், உப்புமா கிண்டுவோம். இங்கிலீஷில் இது எல்லாவற்றுக்கும் ‘மேக்’ ஒன்றே போதும். ‘ஐ ஆம் மேக்கிங் டீ’, ‘ஷி இஸ் மேக்கிங் தோசை’. ‘புட் டீ’ என்று வாயில் வந்தால் அங்கேயே நிறுத்தி மாற்றிக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு இட்லி மாவை எடுத்துக்கொள்ளலாம். அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறவைக்கிறீர்கள், ‘சோக்’. அரைக்கிறீர்கள், ‘கிரைண்ட்’. உப்புப் போட்டுக் கையால் கலக்கிறீர்கள், ‘மிக்ஸ்’. ராத்திரி முழுக்கப் புளிக்க விடுகிறீர்கள், ‘ஃபெர்மென்ட் ஓவர்நைட்’. காலையில் தட்டில் ஊற்றி வேகவைப்பது ‘ஸ்டீம்’. கை வேலை செய்யும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். உட்கார்ந்து மனப்பாடம் செய்வதைவிட இது நன்றாகவே மனசில் நிற்கும்.

மூன்றாம் படி: அளவு

டீஸ்பூனை டி, எஸ், பி என்று சுருக்கி எழுதுவார்கள். டேபிள்ஸ்பூன் என்றால் டி, பி, எஸ், பி. அந்த ஒரு ‘பி’யைக் கவனிக்காமல் விட்டால் உப்பு மூன்று மடங்காகிவிடும், ஏனென்றால் டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. அமெரிக்க ரெசிப்பியில் ஒரு கப் சுமார் 240 மில்லி. சிட்டிகைக்கு ‘பிஞ்ச்’, கைப்பிடிக்கு ‘ஹேண்ட்ஃபுல்’, ஒரு இணுக்கு கறிவேப்பிலைக்கு ‘எ ஸ்ப்ரிக் ஆஃப் கறி லீவ்ஸ்’. ‘குளோவ்ஸ்’ என்று மட்டும் இருந்தால் கிராம்பு, ‘டூ குளோவ்ஸ் ஆஃப் கார்லிக்’ என்றால் இரண்டு பல் பூண்டு. கேக் செய்கிறவர்கள் ஓவனில் வைக்கும் முன் டிகிரியைப் பாருங்கள்: 350 ஃபாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 175 செல்சியஸ்.

நான்காம் படி: பாக்கெட்டும் மளிகை ஆப்பும்

பருப்பு வகைகளை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள், எல்லாமே ‘கிராம்’ என்று முடிவதால் குழப்பம் வரும். பெங்கால் கிராம் கடலைப்பருப்பு, பிளாக் கிராம் உளுந்து, கிரீன் கிராம் பாசிப்பயறு, ஹார்ஸ் கிராம் கொள்ளு. ‘ரா ரைஸ்’ பச்சரிசி. ‘பாயில்டு ரைஸ்’ என்று மூட்டையில் போட்டிருந்தால் அது புழுங்கலரிசி, வெந்த சோறு இல்லை.

ஃபென்னல் என்றால் சோம்பு, ஃபெனுகிரீக் என்றால் வெந்தயம். குருமாவுக்குச் சோம்பு அரைக்கச் சொன்ன இடத்தில் அதே அளவு வெந்தயத்தை அரைத்து ஊற்றினால் கசப்பில் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாது. இந்த இரண்டையும் டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

பால் பாக்கெட்டில் ‘டோன்ட் மில்க்’ என்றால் கொழுப்பு 3 சதவீதம், ‘ஃபுல் க்ரீம்’ என்றால் 6 சதவீதம். அப்புறம் தேதி: ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ தாண்டிவிட்டால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது ருசியும் தரமும் நன்றாக இருக்கும் காலம்.

ஐந்தாம் படி: வாரத்துச் சாப்பாட்டுக்குத் திட்டம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பேப்பரில் ஏழு நாளையும் எழுதி, பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர் என்று மூன்று கட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். சாயங்கால டிஃபனுக்கு ‘ஸ்நாக்’ என்று எழுதுங்கள், டிஃபன் என்ற சொல் வெளிநாட்டில் பலருக்குத் தெரியாது. பிறகு வீட்டில் இருப்பவர்களிடம் தினமும் சொல்லிப் பாருங்கள். என்ன செய்யலாம் என்று கேட்க, ‘வாட் ஷல் வி மேக் ஃபார் டின்னர்?’ பருப்பு தீர்ந்துபோனால், ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் தால்’. பால் திரிந்துபோனால், ‘த மில்க் ஹேஸ் கர்டில்ட்’. மே மாத வெயிலில் மாவு பொங்கிப் புளித்துப்போயிருந்தால், ‘த பேட்டர் ஹேஸ் டர்ன்ட் டூ சவர்’. மத்தியானம் மீந்த சாம்பார் ராத்திரிக்கு என்றால், ‘லெட்ஸ் ஹேவ் த லெஃப்ட்ஓவர்ஸ்’.

பதார்த்தப் பெயர்களை மட்டும் மாற்றாதீர்கள். இட்லி இட்லியாகவே இருக்கட்டும், ரசம் ரசமாகவே இருக்கட்டும். யாராவது ரசம் என்றால் என்ன என்று கேட்டால், ‘எ தின், ஸ்பைசி சூப் மேட் வித் டாமரிண்ட் அண்ட் பெப்பர்’ என்று சொல்லலாம். அங்கே ‘ஹாட்’ என்று மட்டும் சொன்னால் காரமா, கொதிக்கக் கொதிக்க இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியாது. காரத்துக்கு ‘ஸ்பைசி’, சூட்டுக்கு ‘ஹாட்’ என்று பிரித்தே சொல்லுங்கள்.