அவர் விருப்பம் அறைக்குள் ஒலிக்க: மறதிநோய், மனநோய் உள்ளவர்களுக்குச் சார்பாளராக இருப்பது எப்படி?

மறதிநோயோ மனநோயோ உள்ள ஒருவரின் சிகிச்சையையும் இருப்பிடத்தையும் முடிவு செய்யும் கூட்டத்தில் மருத்துவரும் செவிலியரும் குடும்பத்தாரும் பேசுவார்கள். யாரைப் பற்றிப் பேச்சோ அவர் பெரும்பாலும் மௌனமாக அமர்ந்திருப்பார். அவர் பக்கம் நிற்பதற்கென்றே வருபவர்தான் சார்பாளர். அவர் மருத்துவமனைக்கோ பராமரிப்பு இல்லத்துக்கோ உறவினருக்கோ கட்டுப்படாதவராக இருக்க வேண்டும். அன்பான மகளுக்கும் களைப்பும் பயமும் இருக்கும். அது குற்றமன்று, ஆனால் அவற்றை ஒதுக்கிவைத்துத் தாயின் விருப்பத்தை மட்டும் எடுத்துரைப்பது அவருக்கு எளிதாக இராது.

முதல் சந்திப்புக்குக் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மறதிநோய் உள்ளவர்கள் பலருக்கு மாலையில் குழப்பம் கூடும். கண்ணாடியும் செவிக்கருவியும் அணிந்திருக்கிறாரா என்று பார்த்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அவர் கண்மட்டத்தில் அமருங்கள். நீங்கள் யார் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி போதும். எதைக் கேட்டாலும் தலையசைப்பவர்கள் உண்டு என்பதால், "இங்கேயே இருக்க விருப்பமா?" என்று கேட்டதை வேறொரு நாளில் "இங்கிருந்து போக விருப்பமா?" என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் "ஆம்" என்றால் விடை இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள்.

"வீட்டுக்குப் போக வேண்டும்" என்று ஒருவர் ஓயாமல் சொல்லும்போது அதை நோயின் பிதற்றல் என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டில் என்ன செய்வீர்கள் என்று பொறுமையாகக் கேட்டால், கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாகக் குளிக்கலாம் என்பார். அப்போது நீங்கள் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லவேண்டியது வீட்டைப் பற்றிய கோரிக்கையோடு, குளிக்கும்போது அவர் இழந்துவிட்ட அந்தரங்கத்தையும்தான்.

பேச்சே இல்லாதவர் என்றால் கவனிப்பதுதான் வழி. யார் தொட்டால் கையை இழுத்துக்கொள்கிறார், எந்தக் குரலுக்கு முகம் மலர்கிறது என்று தேதியிட்டுக் குறித்துவையுங்கள். முன்பு எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்தவர்களிடம் கேளுங்கள். கூட்டத்தில், முன்வைக்கப்படும் ஏற்பாட்டைவிட அவருக்குக் கட்டுப்பாடு குறைந்த வழி உண்டா என்ற கேள்வியை விடாமல் எழுப்புங்கள்.

மனநோயில் நிலைமை ஏறி இறங்கும். தெளிவாக இருக்கும் நாட்களிலேயே, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நெருக்கடியில் யாரை அழைக்க வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இத்தகைய முன்கூட்டிய அறிவுறுத்தலையும், தம் சார்பில் ஒருவரை நியமித்துக்கொள்ளும் உரிமையையும் ஏற்றிருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் சுயேச்சையான சார்பாளரின் உதவியையே உரிமையாக்கியது.

அவர் விருப்பம் உங்களுக்குச் சரியாகப் படாமல் போகலாம். அதை மழுப்பாமல் அப்படியே சொல்வதுதான் இந்தப் பணியில் மிகக் கடினமானது என்பது என் எண்ணம். அவருக்கு எது நல்லது என்று சொல்ல அறையில் வேறு பலர் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் இரகசியம் காக்க இயலாது என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் நேரே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். அவரிடம் திரும்பிச் சென்று, யார் என்ன சொன்னார்கள், எது முடிவாயிற்று, அதை எதிர்த்து எங்கே முறையிடலாம் என்று எளிய சொற்களில் சொல்லி, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.