கோழிக் கண்ணில் ஒரு சொட்டு: ராணிக்கெட் தடுப்பு மருந்து போடும் முறை

26 கோழிகளில் 19 கோழிகளை ஒரே வாரத்தில் புளியமரத்தடியில் புதைத்தவன் எழுதும் பதிவு இது. "மருந்து போட்டும் செத்துவிட்டனவே" என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன். நான் போட்டது மருந்தே இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

நடந்தது இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஒரு கடையில், ராணிக்கெட் என்ற கோழி நோயைத் தடுக்கும் மருந்துக் குப்பியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குள் போனேன். சாளை மலிவாக இருந்தது. மீன் விற்ற அக்கா மேலே இரண்டு கை ஐஸ் அள்ளிப் போட்டுத் தந்தார். பிறகு முக்கால் மணி நேரம் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றேன். சாளை கெடாமல் வீடு வந்து சேர்ந்தது. மருந்து வழியிலேயே செத்துவிட்டது.

செத்தது என்று சொல்வது பேச்சுக்காக அல்ல. சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். அது உயிரோடு கோழிக்குள் போனால்தான் எதிர்ப்பாற்றல் வரும்.

கூடு கட்டுவது, தீவனம் வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: என்ன நோய் என்று பாருங்கள்

இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கூட்டருகே இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பகலில் கேட்காத கொர்கொர்ப்பும் தும்மலும் அப்போது கேட்கும். இதைவிட நல்ல கருவி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, சில நாளில் கழுத்து திருகிக்கொள்வது, இறக்கை தொங்குவது எல்லாம் சேர்ந்து வந்தால் ராணிக்கெட் என்று சந்தேகப்படலாம். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்வதும், எல்லைக்கு அப்பால் கேரளத்தில் கோழிவசந்தை என்று சொல்வதும் இதைத்தான். குஞ்சுகள் தும்மிக்கொண்டும், முட்டைக்கோழிகள் சுருக்கம் விழுந்த ஓட்டோடும் தண்ணீர் போன்ற வெண்கருவோடும் முட்டையிட்டுக்கொண்டும் இருந்தால் அது தொற்று மூச்சுக்குழல் அழற்சியாக இருக்கலாம். அதற்குக் காரணம் ஒருவகைக் கொரோனா வைரஸ். கழுத்தை நீட்டி இருமி, சுவரில் இரத்தத் துளி தெறித்திருந்தால் அது குரல்வளை அழற்சி நோயாக இருக்கலாம். இதில் பிழைத்த கோழியும் வைரஸைச் சுமந்து திரியும்.

முகம் வீங்கி, மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் சளி வந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா நோய். மருந்துக்கடைக்காரர் தரும் ஆன்டிபயாடிக் பவுடர் அங்கே உதவலாம். வைரஸை அது ஒன்றும் செய்யாது. பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பாக்டீரியாவைத்தான் தடுக்கும். ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவாகச் சொல்ல முடியாது. செத்த கோழியைக் கால்நடை மருத்துவர் சோதித்தால்தான் தெரியும்.

படி 2: மருந்தை வீட்டுக்குக் கொண்டுவருவது

மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கடையில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். நான் இப்போது அகன்ற வாய் ஃபிளாஸ்க்தான் கொண்டுபோகிறேன். ஐஸ் துண்டுகளைப் பாலித்தீன் பையில் கட்டி, குப்பியைக் காகிதத்தில் சுற்றி நடுவில் வைத்தால் போதும். தெர்மோகோல் பெட்டியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பஸ் கூட்டத்தில் அது உடைந்ததுதான் மிச்சம்.

சிறிய குப்பியே 100 கோழிகளுக்கு உரியது. 20 கோழி வைத்திருப்பவர் மிச்சத்தை நாளைக்கு எடுத்துவைக்க முடியாது. எங்கள் தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரே மாலையில் போட்டுவிடுகிறோம்.

படி 3: கரைப்பது

குப்பியோடு தரும் கரைப்பானையும் முன்கூட்டியே குளிரவையுங்கள். அதைக் குப்பியில் விட்டு, மெதுவாகச் சுழற்றிக் கரையுங்கள். கரைத்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். குப்பி முழுநேரமும் ஐஸ் மேலேயே இருக்கட்டும்.

படி 4: சொட்டு

இங்கேதான் இரண்டாவது முறையும் ஏமாந்தேன். சொட்டை விட்டவுடன் கோழியைக் கீழே விட்டுவிட்டேன். அது தலையை ஒரு உதறு உதறியது. மருந்து என் கையில் இருந்தது.

சரியான முறை இது. மாலை இருட்டியபின் கோழிகள் அடைந்ததும் தொடங்குங்கள். துரத்த வேண்டாம், வெயிலும் இல்லை. கோழியை இடக்கையில் அணைத்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கண் வானத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள். சொட்டுக்குழல் கண்ணைத் தொடக் கூடாது. விரல் அகலம் மேலே நிற்கட்டும். ஒரு சொட்டு. அது கண்ணில் முத்துப்போல் நிற்கும். கோழி ஒருமுறை கண் சிமிட்டியதும் பரவி மறையும். மறைந்த பிறகே கையை எடுங்கள். மூன்று விநாடிதான் ஆகும். சிமிட்டுவதற்குள் சிந்தினால் இன்னொரு சொட்டு விடுங்கள்.

ஊசியில்லாத சிரிஞ்சில் விடுபவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்காது, சொட்டின் அளவு ஒழுங்காக வராது. வெளிச்சத்துக்கு ரப்பர் பால்வெட்டுபவர்கள் தலையில் கட்டும் விளக்கை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்கும். கைபேசியை வாயில் கவ்விக்கொண்டு ஒருநாள் முயன்றேன். அந்தக் கதை வேண்டாம்.

படி 5: எப்போது

பொரித்த 7ஆம் நாள் எஃப்1 அல்லது லசோட்டா (இரண்டும் சொட்டு மருந்தின் வகைகள்), 28ஆம் நாள் மறுபடி லசோட்டா. 8ஆம் வாரம் ஆர்2பி என்ற தடுப்பு மருந்து. இது ஊசி, இறக்கையில் தோலுக்கடியில் அரை மில்லி. ஆர்2பி சற்று வீரியமானது. 6 வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போடவே கூடாது. இந்த ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கிவிடுங்கள். தும்மிக்கொண்டிருக்கும் கோழிக்கு எதையும் போடாதீர்கள். செத்தால் மருந்தின் தலையில் பழி விழும்.

பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார இலவச முகாமையும் தவறவிடாதீர்கள்.

மழைக்காலம்

நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. உடனே தார்ப்பாயால் கூட்டை நான்கு புறமும் மூடிவிடுகிறோம். ஈரமான எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பி, மூச்சுக்குழலின் நுண்மயிர்களை அரிக்கிறது. வைரஸுக்கு அதுவே திறந்த வாசல். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோழியின் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால், கோழி அதை எப்போதோ அனுபவித்தாகிவிட்டது. தார்ப்பாயின் மேல்பக்கம் ஒரு சாண் திறந்திருக்கட்டும். நனைந்த மரத்தூளை அன்றே மாற்றுங்கள்.

சந்தையில் வாங்கும் கோழியை 21 நாள் தனியே வையுங்கள். தீவனம் வைக்கும்போது பழைய கோழிகளிடம் முதலில், புதியதிடம் கடைசியில் போங்கள்.

செத்தால்

வாய்க்காலிலோ குழித்துறை ஆற்றிலோ வீசாதீர்கள். ஆழமாகக் குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கூட்டை முதலில் சுரண்டிக் கழுவிவிட்டுப் பிறகு கிருமிநாசினி தெளியுங்கள். எச்சத்தின் மேல் ஊற்றிய பிளீச்சிங் பவுடர் கரைசல் வீண்.

ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று செத்து, கொண்டை நீலமாகி, தலை வீங்கியிருந்தால் எதையும் அறுத்துப் பார்க்காதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். 2014, 2021, 2024 ஆண்டுகளில் ஆலப்புழையில் வந்திருக்கிறது; அது நமக்கு வெகுதூரமில்லை. தொடாமல் 1962 எண்ணில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை 1: சொட்டு விட நேரமில்லாமல் குடிநீரில் கலந்ததாகவும் பலனில்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், நகராட்சிக் குழாய்த் தண்ணீர். அதிலுள்ள குளோரின் வைரஸைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீர் எடுங்கள்; லிட்டருக்கு 2 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, அதன்பின் மருந்தைச் சேருங்கள். கோழிகளை ஒன்றிரண்டு மணி நேரம் தாகத்தில் வைத்திருந்துவிட்டுக் கொடுங்கள்.

பின்சேர்க்கை 2: மருந்து போட்ட மறுநாள் ஒரு கண் சிவந்து நீர் வடிகிறது, கோழிக்கல்ல, தனக்கு என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். எனக்கும் வந்தது. மருந்து பட்ட விரலால் கண்ணைத் தேய்த்ததன் பலன். பெரும்பாலும் சில நாளில் தானாகச் சரியாகிவிடும். குறையவில்லையென்றால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு வீடு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.