பினாங்கிலிருந்து தமிழ் வலைப்பதிவு: எழுதி முடித்த பிறகும் வருமானம் வர

தினம் எழுதினால்தான் பணம் என்று நம்பித்தான் பலர் மூன்றாவது மாதமே வலைப்பதிவைக் கைவிடுகிறார்கள். உண்மையில் சம்பாதித்துக் கொடுப்பது, ஆண்டுதோறும் யாரோ ஒருவர் கூகுளில் தட்டும் கேள்விக்குச் சரியான பதில் வைத்திருக்கும் பக்கம்தான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்கு எந்த நேரத்தில் ஏறுவது, பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கினால் பெரிக்கு நடந்தே போகலாமா, கேஎல் சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்கு எப்படிப் போவது: இவை பழசாகாத கேள்விகள். நேற்றைய செய்தி இரண்டே நாளில் செத்துவிடும்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்க முடிகிறது. தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு வருபவர் தமிழில் தேடுகிறார். ஆனால் நம் சொல்லில் அல்ல. நாம் பினாங்கு என்போம், அவர் பெனாங் என்று தட்டுவார். நாம் வெள்ளி என்போம், அவருக்கு ரிங்கிட். கட்டுரைக்குள் இரண்டு வடிவமும் ஒருமுறையாவது இயல்பாக வரட்டும்.

தொடக்கத்திற்கு கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகர் போதும். கட்டணம் இல்லை, பராமரிப்பும் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுபவருக்கு வேர்ட்பிரஸ் சுமைதான்: தளத்தை வைக்கும் சர்வருக்கு இடவாடகை, செருகுநிரல் (பிளகின்) புதுப்பிப்பு என்று அது ஆளை விடாது. சொந்த இணையப் பெயர் மட்டும் வாங்கிவிடுங்கள். முதலாண்டுச் சலுகை விலையைப் பார்த்து ஏமாறாமல், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள்.

எழுதுவது யூனிகோடில் இருக்க வேண்டும். மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலி கைப்பேசிக்குப் போதும். பழைய எழுத்துருவில் தட்டியதை ஒட்டினால் தேடுபொறிக்கு அது தமிழே அல்ல. இன்னொரு சிக்கல் பக்கத்தின் இணைய முகவரியில். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகர் அதை விட்டுவிட்டு, பக்கத்துக்குப் பொருளற்ற பொதுப்பெயர் ஒன்றைச் சூட்டிவிடும். வெளியிடுவதற்கு முன் நிரந்தர இணைப்பு என்ற இடத்தில் மூன்று, நான்கு சொற்களை ரோமன் எழுத்தில் நீங்களே கொடுங்கள். கைப்பேசிப் படம் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி இருக்கும். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, 150 கேபிக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள். வெளியிட்டதும் கூகுள் சர்ச் கன்சோலில் தளவரைபடத்தை, அதாவது உங்கள் பக்கங்களின் பட்டியலை (சைட்மேப்), கொடுங்கள். புதுத் தளம் தேடலில் மேலே வரப் பல மாதங்கள் ஆகும். ஆகவே தைப்பூசக் கட்டுரை அக்டோபருக்குள் வெளியாகிவிட வேண்டும். தை பிறந்தபின் எழுதினால் அறுவடை அடுத்த ஆண்டுதான்.

விளம்பரத்துக்கு கூகுள் ஆட்சென்ஸ். 2018 பிப்ரவரியிலிருந்து தமிழ்ப் பக்கங்களையும் அது ஏற்கிறது. பதினைந்து, இருபது முழுமையான கட்டுரைகளும் தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் இருக்கும்போது விண்ணப்பியுங்கள். நாளிதழிலிருந்து எடுத்து ஒட்டிய தளம் நிராகரிக்கப்படும். பெயரை வங்கிக் கணக்கில் உள்ளபடியே கொடுங்கள். மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி விடுபட்டால்கூடப் பணம் வரும்போது தடங்கல் வரலாம். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் வீட்டுக்கு அஞ்சலில் ரகசிய எண் வரும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் புளோக், மாடி, வீட்டு எண் மூன்றையும் எழுத வேண்டும். அந்த எண்ணை நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் கைக்கு வரும். உங்கள் விளம்பரத்தை நீங்களோ, வீட்டாரோ, வாட்ஸ்அப் குழுவோ ஆசைக்குக்கூடத் தட்டக்கூடாது. அதற்காக கூகுள் கணக்கை மூடிவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

தமிழ்ப் பக்கத்தில் விளம்பரம் மட்டும் பெரிதாகத் தராது. பயணக் கட்டுரைக்குத் தரகுதான் பலம், அதாவது நீங்கள் தரும் இணைப்பு வழியாக வாசகர் வாங்கினால் கடை உங்களுக்குத் தரும் பங்கு: விடுதிக்கு அகோடா, சுற்றுலாச் சீட்டுக்கு குளூக், வீட்டுப் பொருளென்றால் ஷோப்பி. இன்வால்வ் ஏசியா என்ற தரகுத் தளம் வழியாகப் பல கடைகளின் இணைப்புகளை ஒரே இடத்தில் பெறலாம். முன்பதிவை ரத்துசெய்தால் தரகு கிடையாது, அதனால் திரையில் தெரியும் தொகையை நம்பிச் செலவு செய்யாதீர்கள். இணைப்பில் உங்களுக்குத் தரகு உண்டு என்பதை வாசகரிடம் சொல்லிவிடுங்கள். அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை.

தொழிலாகவே நடத்தினால் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும்: சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. வருமான வரிக்கு, தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான பி பாரத்தை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மாலைப்பொழுது ஒதுக்கி, அதிகம் படிக்கப்படும் பத்துப் பக்கங்களில் விசா விதி, கட்டணம், ரயில் நேரம், உடைந்த இணைப்பு எல்லாவற்றையும் சரிபாருங்கள். தவறான தகவலை நம்பிக் கைக்குழந்தையோடு நிலையத்தில் நிற்கப்போவது வாசகர்தான். புது ஆண்டுக்குப் புதுப் பக்கம் திறக்காதீர்கள். முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல், அதே பக்கத்தையே திருத்துங்கள். தேடலில் அது சேர்த்துவைத்த இடம் அப்படியே இருக்கும்.