டிராஃப்டில் லைன்மேனை முதலில் எடுக்கலாமா? உங்கள் அணிக்கு நீங்களே கணக்குப் போடும் முறை

லைன்மேன் என்றதும் நமக்கு மின்வாரியத்துக்காரர்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்கக் கால்பந்தின் அஃபென்ஸிவ் லைன்மேனும் கிட்டத்தட்ட அவரைப் போலத்தான். கரண்ட் இருக்கும்வரை அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. போய்விட்டால் தெருவே அவரைத் தேடும்.

அந்த ஆட்டத்தின் பெரிய லீக் என்.எஃப்.எல். கல்லூரி வீரர்களை அதன் அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் அது வரும்போது ரசிகர்களுக்குள் இதே சண்டைதான். "முதல் சுற்றிலேயே லைன்மேனை எடு" என்று ஒரு கூட்டம். "பந்து பிடிக்கிறவனை எடு, அவன்தான் புள்ளி எடுத்துத் தருவான்" என்று இன்னொரு கூட்டம். இந்த ஆட்டத்தை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்தவர்களுக்காக இந்தப் பதிவு. ஒரு நோட்டும் பேனாவும் போதும். உதாரணத்துக்கு 2021-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி மாட்டிக்கொண்ட இக்கட்டை எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் போட்டுப் பழக அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 1: ஐந்து பேரையும் அடையாளம் காணுங்கள்

குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பவர் சென்டர். அவருக்கு இரு பக்கமும் ஆளுக்கொரு கார்ட். ஓரங்களில் இரண்டு டேக்கிள்கள். ஒவ்வொருவரும் 135, 140 கிலோ இருப்பார்கள். இந்த ஐந்து லைன்மேன்களுக்கும் பின்னால் நிற்பவர் குவார்ட்டர்பேக். பந்தை எறிபவர் அவர்தான். எதிரணி அவரை நெருங்காமல் தடுப்பதுதான் இந்த ஐவரின் வேலை. எறிவதற்குள் எதிரணி அவரைப் பந்தோடு சாய்த்துவிட்டால் அது சாக்.

வலக்கையால் எறிபவருக்கு இடப்பக்கம் முதுகுப்பக்கம் ஆகிவிடும். வருகிற ஆளை அவரால் பார்க்க முடியாது. அதனால்தான் லெஃப்ட் டேக்கிளுக்குத் தனி மவுசு. 1985 நவம்பரில் எதிரணியின் லாரன்ஸ் டெய்லர் மோதியதில் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்தது. அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. அதற்காக ரைட் டேக்கிளை லேசாக நினைத்துவிடாதீர்கள். இப்போதெல்லாம் எதிரணிகள் தங்கள் சூரர்களை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நிறுத்துகின்றன. டெட்ராய்ட் லயன்ஸின் பெனே சூவல் ரைட் டேக்கிளாக ஆடியவர்தான். 2024-இல் அவருக்கு அந்த அணி 4 ஆண்டுக்கு 11.2 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது.

படி 2: இது ஏலம் இல்லை

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். டிராஃப்டில் யாரும் கை தூக்கி விலை கேட்பதில்லை. 32 அணிகள், 7 சுற்றுகள். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. கல்லூரியிலிருந்து வரும் வீரரின் சம்பளம் அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஒப்பந்தம் 4 ஆண்டு. முதல் சுற்று ஆட்களுக்கு மட்டும் ஐந்தாவது ஆண்டு நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. 2025-இல் அது 27.92 கோடி டாலர். ஆகவே நல்ல ஆளைக் குறைந்த சம்பளத்தில் நாலைந்து வருடம் வைத்துக்கொள்ள இருக்கும் ஒரே வழி டிராஃப்ட்தான். இதை மட்டும் மனதில் வையுங்கள், மற்றது போகப் போகப் புரியும்.

படி 3: பந்தைப் பார்க்காதீர்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். உங்கள் அணியின் பழைய ஆட்டம் ஒன்றின் பதிவைப் போடுங்கள். அதில் குவார்ட்டர்பேக் பந்தை எறியப் போகும் கட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு லைன்மேனைத் தேர்ந்துகொண்டு, பந்து எங்கே போனாலும் கண்ணை அவர் மேலேயே வையுங்கள். முதல் பத்து தடவை ரொம்பக் கஷ்டம், கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடும். விடாதீர்கள்.

சென்டரின் கை அசைந்ததும் மனதுக்குள் எண்ண ஆரம்பியுங்கள். உங்கள் எல்லை இரண்டரை வினாடி. ஈஎஸ்பிஎன் வெளியிடும் தடுப்புப் புள்ளிவிவரமும் அந்த 2.5 வினாடியைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. அதற்குள் எதிராளி அவரைத் தாண்டிவிட்டால் தோல்வி, இல்லையென்றால் வெற்றி.

பிறகு அதே காட்சியை மெதுவாக ஓட்டிக் காலைப் பாருங்கள். லெஃப்ட் டேக்கிள் என்றால் இடது கால் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும், வலது கால் தரையை விட்டு அதிகம் எழாமல் அதைத் தொடரும். நண்டு நகர்வது மாதிரி. இரண்டு பாதமும் ஒட்டிக்கொண்டாலோ பின்னிக்கொண்டாலோ அந்த நொடியில் ஒரு தள்ளு போதும், 140 கிலோ ஆளும் சாய்ந்துவிடுவார். அடுத்து கை. எதிராளியின் நெஞ்சில் யார் கை முதலில் படுகிறதோ அவர் பக்கம்தான் பெரும்பாலும் காற்று வீசும். கை நீளத்தை அங்குலக் கணக்கில் அளந்து மண்டையை உடைத்துக்கொள்வதும் இதற்காகத்தான். 2025-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் நான்காவது ஆளாக எடுத்த வில் கேம்பலின் கை 33 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு என்று டிராஃப்டுக்கு முன் நடந்த விவாதத்தைப் பார்த்தால் பெண் பார்க்கப் போனவர்கள் தோற்றார்கள்.

இன்னொன்று. எல்லா சாக்கையும் லைன் தலையில் கட்டாதீர்கள். 2024-இல் சிகாகோ பேர்ஸின் புதுமுகக் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் 68 தடவை சாய்க்கப்பட்டார். லைன் மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று, நான்கு வினாடி தாண்டியும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சுற்றி வந்த தடவைகளும் அதில் சேர்த்தி. இரண்டரை வினாடிக்குப் பிறகு விழுந்த சாக்கை நோட்டில் குவார்ட்டர்பேக் கணக்கில் எழுதுங்கள்.

படி 4: எந்த ஓடு உடைந்திருக்கிறது?

ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, மூன்று ஆட்டம் பார்த்து முடித்திருப்பீர்கள். இப்போது சராசரி போடாதீர்கள். கூரையில் நாலு ஓடு புதிதாக இருந்து ஒன்று உடைந்திருந்தாலும் மழைக்கு அந்த ஒன்று போதும். எதிரணிப் பயிற்சியாளர் உங்கள் மிக மோசமான லைன்மேனைக் கண்டுபிடித்துத் தன் சூரனை அவர் எதிரேதான் நிறுத்துவார். எனவே வரிசையிலேயே பலவீனமானவர் யார் என்பதுதான் கேள்வி.

இரண்டு ஓடு உடைந்தால் என்ன ஆகும் என்று 2021 பிப்ரவரி சூப்பர் பவுலில், அதாவது லீகின் இறுதிப் போட்டியில், உலகமே பார்த்தது. கேன்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு அன்று இரண்டு முதன்மை டேக்கிள்களும் காயத்தால் இல்லை. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். 31-9 என்று தோல்வி.

படி 5: வேறு எங்கே கிடைக்கும் என்று பாருங்கள்

ஓட்டை இருக்கிறது என்பதற்காக முதல் சுற்றில்தான் அடைக்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு சீஃப்ஸ் செய்ததைப் பாருங்கள். கார்ட் ஜோ தூனியைப் பெரிய சம்பளம் கொடுத்து வெளியிலிருந்து கூட்டி வந்தது. டேக்கிள் ஆர்லாண்டோ பிரவுனை வேறு அணியிடமிருந்து வாங்கியது. அதற்கு விலையாகத் தன் முதல் சுற்று வாய்ப்பையே கொடுத்தது. சென்டர் க்ரீட் ஹம்ஃப்ரியை இரண்டாவது சுற்றில் 63-வது ஆளாகவும், கார்ட் ட்ரே ஸ்மித்தை ஆறாவது சுற்றில் 226-வது ஆளாகவும் எடுத்தது. இரண்டு வருடம் கழித்து இன்னொரு சூப்பர் பவுலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை 38-35 என்று வென்றபோது மஹோம்ஸ் மீது ஒரு சாக்கூட விழவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பொது விதி இது: சென்டரும் கார்டும் பின் சுற்றுகளிலும் வெளிச்சந்தையிலும் கிடைப்பார்கள். நல்ல இளம் டேக்கிள் சந்தைக்கு வருவதே அபூர்வம், கையில் வைத்திருக்கிற அணி விடாது. முதல் சுற்றைச் செலவழிக்கிறீர்கள் என்றால் டேக்கிளுக்குச் செலவழியுங்கள்.

விதிவிலக்குகள் உண்டு, தாராளமாக. கார்ட் க்வென்டன் நெல்சனை 2018-இல் ஆறாவது ஆளாக எடுத்தது இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். முந்தைய வருடம் 56 சாக் வாங்கிய அணி அந்த வருடம் வாங்கியது 18. குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் காயம் ஆறித் திரும்பியதும் அதற்கு ஒரு காரணம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுபக்கம், ஈகிள்ஸின் லெஃப்ட் டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர், அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஏழாவது சுற்றில் வந்தவர். அது லாட்டரி. லாட்டரியை நம்பி வீடு கட்டாதீர்கள்.

முதல் சுற்று டேக்கிள் என்றால் உத்தரவாதம் என்றும் நினைக்க வேண்டாம். 2013-இல் முதல் இரண்டு பேருமே டேக்கிள்கள். இரண்டாவதாக ஜாக்சன்வில் எடுத்த லூக் ஜோக்கல் தேறவில்லை. நான்காவதாகப் போன லேன் ஜான்சன்தான் ஈகிள்ஸில் நிலைத்து நின்றார். 2020-இலும் இதே கதை: ட்ரிஸ்டன் வர்ஃப்ஸுக்கு முன்னால் மூன்று டேக்கிள்கள் போனார்கள், 13-வதாகப் போன அவரே அந்த சீசனிலேயே சூப்பர் பவுல் வென்றார்.

படி 6: ஜோடியாக எழுதுங்கள்

"இவனா அவனா" என்று கேட்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. முதல் இரண்டு சுற்றையும் சேர்த்து, ஜோடிக்கு ஜோடி ஒப்பிடுங்கள். பெங்கால்ஸை எடுத்துக்கொள்வோம்.

2020 நவம்பரில் அவர்கள் குவார்ட்டர்பேக் ஜோ பரோவுக்கு வாஷிங்டனில் இடது முழங்கால் போனது. காப்பாற்ற ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். 2021 டிராஃப்டில் ஐந்தாவது வாய்ப்பு வந்தபோது இரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள்: டேக்கிள் சூவல், பந்து பிடிக்கும் ரிசீவர் ஜமார் சேஸ். சேஸும் பரோவும் கல்லூரியில் ஒன்றாக ஆடி தேசியப் பட்டம் வென்றவர்கள். நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்.

முதல் வரி: சேஸ், கூடவே இரண்டாவது சுற்றில் கிடைக்கும் லைன்மேன்.
இரண்டாவது வரி: சூவல், கூடவே இரண்டாவது சுற்றில் கிடைக்கும் ரிசீவர்.

பெங்கால்ஸ் முதல் வரியைத் தேர்ந்தது. சேஸ் அந்த சீசனில் 81 பந்து பிடித்து 1455 கெஜம் எடுத்தார், 13 டச்டவுன். இரண்டாவது சுற்றில் அணி தன் வாய்ப்பை வேறு அணியோடு மாற்றிக்கொண்டு 38-லிருந்து 46-க்கு இறங்கி லைன்மேன் ஜாக்சன் கார்மனை எடுத்தது. அவர் நிரந்தரமாக இடம் பிடிக்கவே இல்லை. கார்மனுக்குப் பிறகு 17 பேர் தள்ளி எடுக்கப்பட்டவர்தான் படி 5-இல் பார்த்த ஹம்ஃப்ரி. எல்லோரும் சேஸா சூவலா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்; என்னைக் கேட்டால் பெங்கால்ஸ் கோட்டைவிட்டது 5-இல் இல்லை, 46-இல்.

அந்த சீசனில் பரோ வாங்கியது 51 சாக். பிளேஆஃபில் டென்னஸிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 9. அதையும் 19-16 என்று வென்றார்கள். சூப்பர் பவுலில் 7 சாக், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிடம் 23-20 தோல்வி. அந்த ஆட்டத்தின் கடைசி வாய்ப்பை இணையத்தில் தேடி, படி 3-இல் சொன்ன மாதிரி பாருங்கள். உள்பக்கமாகப் புகுந்த ராம்ஸின் ஆரன் டொனால்ட் பரோவைப் பிடித்துச் சுழற்றுகிறார், பந்து கையை விட்டு எங்கோ போய் விழுகிறது. இப்போது திரும்ப ஓட்டி மைதானத்தின் மறுகோடியைப் பாருங்கள். தன்னைத் தடுக்க நின்ற ஜேலன் ராம்சேயைத் தாண்டி சேஸ் தனியாக ஓடிக்கொண்டிருப்பார்.

சரி, இரண்டாவது வரி? சூவல் ஏழாவதாக டெட்ராய்ட் போனார். 46-வது இடத்துக்குப் பிறகு அந்தச் சுற்றில் போன ரிசீவர்களில் ஒருவரும் சேஸ் பக்கத்தில் நிற்கக்கூடியவர் இல்லை. ஆகவே பெங்கால்ஸின் தேர்வு சரி என்று முடித்துவிடலாம்; ஆனால் அதே டெட்ராய்ட் நான்காவது சுற்றில், 112-வதாக, அமான்-ரா செயின்ட் பிரவுன் என்ற ரிசீவரை எடுத்தது. லீகின் முன்னணி ரிசீவர்களில் அவர் ஒருவர் ஆனார். எனவே ஜோடி எழுதும்போது இரண்டாவது சுற்றோடு நிறுத்தாமல், எந்த இடத்துக்கான ஆட்கள் அந்த வருடம் ஆழம் வரை கிடைக்கிறார்கள் என்பதற்கு ஒரு மூன்றாவது வரியும் விட்டு வையுங்கள்.

படி 7: அலாரம் வைத்து எழுந்திருங்கள்

டிராஃப்டின் முதல் சுற்று அமெரிக்காவில் வியாழன் இரவு 8 மணிக்கு; நமக்கு வெள்ளி காலை 5.30. அதற்கு முந்தின இரவே உங்கள் ஜோடிகளில் ஒன்றுக்கு டிக் அடித்து, பக்கத்தில் தேதி போடுங்கள். பென்சில் வேண்டாம், பேனா. 2021 ஏப்ரல் தேதியிட்ட என் பக்கத்தில் நீல மையில் "சூவல்" என்று இருக்கிறது, கீழே இரண்டு கோடு வேறு.