பிரான்சுக்கு வரும் புதுச்சேரிக்காரர்களே, லீவ் லெட்டரை முன்னாலேயே கொடுங்கள்

பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டையோடு மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்குப் போனால் எந்தப் பள்ளி என்று எழுதித் தருவார்கள். அதைத் தலைமை ஆசிரியையிடம் காட்டினால் முடிந்தது. நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது அப்புறம்தான்.

ஊரில் எப்படி? கல்யாணத்துக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து, 'காய்ச்சல்' என்று லெட்டர் நீட்டினால் மிஸ் வாங்கி வைத்துக்கொள்வார். எல்.கே.ஜி. பிள்ளைக்கு அதுகூட வேண்டாம். என் மச்சான் அந்தப் பழக்கத்தில்தான் மத்தெர்னெல் (இங்கத்து மழலையர் பள்ளி) படிக்கும் மகளைப் பொங்கலுக்குக் கூட்டிப் போனார். மயிலம் கோயிலில் காதுகுத்து. கிறிஸ்துமஸ் லீவைவிட டிக்கெட் மலிவு என்று பெருமை வேறு. விமான நிலையத்திலேயே சிம்மை மாற்றிவிட்டார். பள்ளியிலிருந்து அழைத்திருக்கிறார்கள், எடுக்க ஆளில்லை. திரும்பி வந்தால் தபால் பெட்டியில் பதிவுத் தபாலுக்கான சீட்டு கிடக்கிறது. 15 நாள்தான் வைத்திருப்பார்கள். கடிதம் திரும்பிப் போயிருந்தது. கல்வி அலுவலகத்தில் போய் நின்றார். காய்ச்சல் என்று சொல்லவும் வழியில்லை. குழந்தை புதுத் தோட்டை வகுப்பு முழுக்கக் காட்டி, தாத்தா வீட்டுக் கதையெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

2019 சட்டத்துக்குப் பிறகு இங்கே 3 வயதிலிருந்தே கட்டாயக் கல்வி. கணக்கு அரை நாளில் ஓடும். தக்க காரணம் இல்லாமல் மாதத்தில் 4 அரை நாள், அதாவது வெறும் இரண்டே நாள் போனால், மேலிடத்துக்குத் தகவல் போகும். எச்சரித்தும் தொடர்ந்தால் 750 யூரோ வரை அபராதம் விழலாம். காஃப் தரும் குடும்ப உதவிப் பணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று, பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பல் பக்கம் இன்னும் பேசுகிறார்கள். அந்தச் சட்டம் 2013-லேயே போய்விட்டது.

சட்டம் ஏற்கும் காரணங்களில் பிள்ளையின் உடம்பு, வீட்டில் தொற்றுநோய், போக்குவரத்துத் தடை, முக்கியமான குடும்ப நிகழ்ச்சி எல்லாம் உண்டு. சாவுக்கும் கல்யாணத்துக்கும் தாராளமாக எழுதலாம். காதுகுத்தைக்கூட முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்கலாம், மற்ற காரணங்களை அதிகாரிகள் பார்த்து முடிவு செய்வார்கள். டிக்கெட் மலிவு மட்டும் எதிலும் சேராது.

கோடை லீவில் போகலாமே என்பீர்கள். ஜூலை முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முடிய லீவ்தான், ஆனால் பாதி ஆடி! வீராம்பட்டினம் தேர் பார்க்கலாம். சுபகாரியம் வைக்கப் பெரியவர்கள் விடமாட்டார்கள். ஆவணி பிறக்க ஆகஸ்ட் 17 வாக்கில் ஆகிவிடும், செப்டம்பர் தொடக்கத்தில் இங்கே பள்ளி திறந்துவிடும். நடுவில் கிடைக்கும் அந்த இரண்டு வாரத்துக்குத்தான் பாரிஸ்காரர்கள் அத்தனை பேரும் புதுச்சேரியில் மண்டபம் தேடி அலைவார்கள். பொங்கலுக்குள்ளேயே சொல்லி வையுங்கள்.