செம்பருத்தி டீ பிரஷரைக் குறைக்குமா? ஆராய்ச்சியை நாமே தேடிப் படிக்கும் வழி

"செம்பருத்தி டீ குடித்தால் பிரஷர் குறையும், அமெரிக்க ஆராய்ச்சி சொல்கிறது" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு ஃபார்வர்டு. சித்தி மறுநாளே நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த பூ வாங்கிவிட்டார். "நீதான் எல்லாத்தையும் தோண்டித் துருவுவியே, இது நெஜமான்னு பாத்துச் சொல்லு" என்றார். பார்த்தேன். ஆராய்ச்சி நிஜம். ஆனால் அதில் குடித்தது வேறு, சித்தி வாங்கியது வேறு. எந்த மூலிகைக் குடிநீராக இருந்தாலும் இதே வழியில் நீங்களும் பார்த்துவிடலாம்.

படி 1: எந்தச் செடி?

என்னை ரொம்ப நேரம் சுற்றலில் விட்டது இந்தப் படிதான். நாம் வேலியோரம் வளர்க்கும் செம்பருத்தி, ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில் போடுவோமே, அது. பிரஷர் ஆய்வுகளில் பெரும்பாலும் வருவது ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா, அதாவது கோங்குரா, புளிச்சக்கீரை வகைச் செடி. குடும்பம் ஒன்று, செடி வேறு. ஃபார்வர்டு எழுதுகிறவர் "ஹைபிஸ்கஸ்" என்பதைப் பார்த்ததும் நம் வீட்டுச் செம்பருத்தியின் படத்தை ஒட்டிவிடுகிறார்.

எந்தப் பாகம் என்பதும் முக்கியம். சப்டாரிஃபாவில் டீ போடுவது பூவிதழை வைத்து அல்ல. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றி நிற்கும் சதைப்பற்றான புல்லிவட்டத்தைத்தான் காயவைக்கிறார்கள். அது தடிப்பாக, கருஞ்சிவப்பாக, நுனி கூராக இருக்கும். ஒரு துண்டை மென்றால் நல்ல புளிப்பு. சித்தியின் பொட்டலத்தில் இருந்ததோ காகிதம் போல மெலிசு, நாக்கில் வைத்தால் வழவழப்பு, புளிப்பு மருந்துக்கும் இல்லை. தாவரவியல் பெயர் கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: எங்கே தேடுவது?

பப்மெட். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிற தளம், காசு கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம். கூகுள் ஸ்காலரில் எல்லாம் கலந்துகட்டி வரும், புதிதாகத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சாட்பாட்டிடம் கேட்டால் இல்லாத கட்டுரைக்கும் அழகாகத் தலைப்பு சொல்லும்.

செடியின் பெயர், பிறகு "பிளட் பிரஷர்", இரண்டையும் ஆங்கிலத்தில் அடித்து நடுவில் "ஆண்ட்" (AND) போடுங்கள். ஆண்ட் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சப்டாரிஃபாவில் எஃப் இரண்டு (sabdariffa).

படி 3: வடிகட்டுங்கள்

இடது பக்கத்தில் "ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு டிரையல்" என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகள் முன்னால் வரும். எலிக்குக் கொடுத்தது, சோதனைக்குழாயில் பார்த்தது எல்லாம் பெரும்பாலும் விலகிவிடும்.

படி 4: சுருக்கத்தைப் படிப்பது

முழுக் கட்டுரை வேண்டாம், முதலில் சுருக்கம் போதும். யார் குடித்தார்கள், எத்தனை பேர், எவ்வளவு நாள், எதோடு ஒப்பிட்டார்கள், எவ்வளவு மாறியது என்று பாருங்கள்.

ஃபார்வர்டுகளில் அதிகம் அடிபடுவது 2010-இல் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன் இதழில் வந்த டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு. 30 முதல் 70 வயதுக்குள் 65 பேர். பிரஷர் லேசாகக் கூடியவர்கள், ஆனால் அதற்கு மாத்திரை எடுக்காதவர்கள். ஓர் அணிக்கு தினம் மூன்று வேளை 240 மில்லி டீ, இன்னோர் அணிக்கு அதே சுவையில் போலிப் பானம், ஆறு வாரம்.

பிரஷரின் மேல் அளவு (120/80 என்றால் அந்த 120) டீ அணிக்குச் சராசரியாக 7.2 குறைந்தது. போலிப் பானம் குடித்தவர்களுக்கும் 1.3 குறைந்தது! ஆக டீயின் பங்கு சுமார் 6. ஃபார்வர்டில் 7.2 மட்டும்தான் வரும். அந்த 7.2-க்குப் பக்கத்தில் ± குறியோடு 11.4 என்று இருப்பதையும் விடாதீர்கள். ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம், சிலருக்குக் குறையவே இல்லை என்று அர்த்தம். கீழ் அளவில் கண்ட வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவில்தான் இருந்தது.

என்னைக் கேட்டால், நல்ல ஆய்வு, சின்ன ஆய்வு.

படி 5: அவர்கள் போட்டதும் நாம் போடுவதும் ஒன்றா?

அந்த ஆய்வில் 240 மில்லி கொதிநீருக்கு 1.25 கிராம், ஆறு நிமிடம் ஊறல். "ஒரு ஸ்பூன்" என்று எழுதுகிற குறிப்புகளை நம்பாதீர்கள், தூளும் முழுத்துண்டும் ஸ்பூனில் ஒரே எடை நிற்காது. சமையலறைத் தராசு பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. பாயின்டில் காட்டும் சின்ன பாக்கெட் தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்மூர் உதாரணம் நிலவேம்புக் குடிநீர். அது டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களை அடக்குகிறது என்று ஓர் ஆய்வைப் பலர் பகிர்வார்கள். அதன் தலைப்பிலேயே "எத்தனாலிக் எக்ஸ்ட்ராக்ட்", "இன் விட்ரோ" என்று இருக்கிறது. ஆல்கஹாலில் இறக்கிய சாறு, அதையும் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில்தான் பார்த்தார்கள். நாம் குடிப்பது ஒன்பது சரக்கைத் தண்ணீரில் காய்ச்சி வடித்தது. அந்த ஆய்வு வீண் என்று சொல்ல வரவில்லை, நம் டம்ளரில் இருப்பதைப் பற்றி அது பேசவில்லை, அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை: போனில் இடது பக்கம் எதுவும் தெரியவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தேடல் முடிவுக்கு மேலே "ஃபில்டர்ஸ்" பொத்தானைத் தட்டுங்கள். கட்டுரை பணம் கேட்கிறது என்றால் "ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்" டிக் செய்து தேடுங்கள், நிறையவே கிடைக்கும்.

இன்னொன்று: "மாத்திரை எடுக்கிறேன், கூடவே குடிக்கலாமா?" என்று மூன்று நான்கு பேர். மேலே சொன்ன ஆய்வில் மாத்திரை எடுப்பவர்களையே சேர்க்கவில்லை, ஆகவே அதிலிருந்து பதில் எடுக்க முடியாது. டாக்டரிடம் டீயின் பெயரையும் அளவையும் எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள். கலவை மூலிகை டீ பாக்கெட் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் இனிப்புக்கு அதிமதுரம் சேர்க்கிறார்கள். அதிலுள்ள கிளைசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, பிரஷரை ஏற்றிவிடும். பிரஷர் உள்ளவர்கள் அந்த பாக்கெட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.