வீட்டில் கார் பட்டறை: தரையிலேயே தொடங்கும் தவறுகள்

வீட்டுக் கார் ஷெட்டைப் பட்டறையாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் டூல்ஸ் கடைதான். நானும் அப்படித்தான் போனேன். ஸ்பேனர் பெட்டியும் டிராலி ஜாக்கியும் வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்த ஜாக்கி எதன்மேல் நிற்கப்போகிறது என்று யோசித்தேன். போர்டிகோவில் இருந்தது மணல் பரப்பிப் பதித்த பேவர் பிளாக். காரின் முன்பக்கத்தைத் தூக்கும்போது ஜாக்கியின் சின்னச் சக்கரம் இரண்டு கற்களுக்கு நடுவே இறங்க, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நல்லவேளை, நான் அடியில் இல்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன்: காசு முதலில் தரைக்குப் போகட்டும்.

டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே எழுவதில்லை, வில்போல வளைந்து எழும். அதனால் வண்டி உயர உயர ஜாக்கியும் தன் சக்கரத்தில் கொஞ்சம் உருள வேண்டும். கல் இடுக்கில் மாட்டி உருள முடியாமல் போனால், அதன் தலை தூக்கும் இடத்திலிருந்து வழுக்கும். டைல்ஸும் சரிவராது. தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டின் கால்கள் அழுத்தும் இடத்தில் விரிசல் விடும், சொட்டு ஆயில் பட்டால் நமக்கே கால் வழுக்கும். மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் 5 அங்குல கனத்தில், கம்பி வலை வைத்து, எம்20 தரக் கான்கிரீட் போடுங்கள். பாத்தி கட்டிக் குறைந்தது 7 நாள் தண்ணீர் நிறுத்துங்கள். 28 நாள் கழியும்வரை அதன்மேல் காரைத் தூக்க வேண்டாம். தண்ணீர் வெளியேற வாசல் பக்கம் 100-க்கு 1 சரிவு போதும். அதற்குமேல் கொடுத்தால் வண்டி தானாக உருளப் பார்க்கும்.

அளவிலும் பலர் ஏமாறுகிறார்கள். கார் உள்ளே போனால் சரி என்று 10-க்கு 16 அடியில் ஷெட் போட்டுவிடுகிறார்கள். நம் ஊர்ச் சின்னக் கார்கள் 4 மீட்டருக்குள், அதாவது சுமார் 13 அடிக்குள் இருக்கும். முன்னால் 2 அடி மேஜை, பானெட்டுக்கும் மேஜைக்கும் நடுவே ஆள் குனிய 3 அடி, பின்னால் 2 அடி என்று கூட்டினால் 20 அடி வந்துவிடும். அகலம் 12 அடியாவது இல்லையென்றால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது.

அடுத்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். உள்ளே ஆயில் சீல் போய்விட்டால் முன்னறிவிப்பு இல்லாமல் இறங்கிவிடும். ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தும் வழக்கத்தை இன்னும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. சுவரின் பாரம் பரவலாக இறங்கும்போது அந்தக் கல் தாங்கும். இரும்பு முனை ஒரே புள்ளியில் அழுத்தினால் சட்டென்று நொறுங்கும். ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு வாங்காமல் வேறு எதையும் வாங்காதீர்கள்.

ஹேண்ட்பிரேக் போட்டாயிற்றே என்ற நம்பிக்கையும் ஆபத்து. பெரும்பாலான கார்களில் அது பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிய நொடியில் அதற்கு வேலை இல்லை. அதனால் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டில் இறக்கியபின் காரைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைப் படுக்கை வாட்டில் வண்டிக்கு அடியில் தள்ளி வைத்தால், எது தவறினாலும் உங்கள் நெஞ்சுக்கு மேலே கொஞ்சம் இடம் மிஞ்சும்.

குழி வெட்டினால் வசதிதானே என்று கேட்பார்கள். வீட்டுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிட 3, 4 மடங்கு கனமானது. ஃபியூயல் பைப்பைக் கழற்றும்போது சிந்துவது ஆவியாகிக் குழிக்குள்தான் இறங்கித் தேங்கும். அங்கே ஒரு லைட் சுவிட்சின் பொறி போதும். கடலோரத் தாழ்வான பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் குழியில் ஊற்றெடுப்பது தனிக் கதை. குழி இல்லாத ஷெட்டிலும் ஷட்டரை இறக்கிவிட்டு இன்ஜினை ஓடவிடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கரண்ட் விஷயத்தில் நடப்பது இதுதான்: ஹாலில் இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, அதிலேயே கிரைண்டர், லைட், காற்று கம்ப்ரசர் எல்லாவற்றையும் மாட்டுவது. 2 எச்பி கம்ப்ரசர் ஓடும்போதே 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. மெயின் பெட்டியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், தனி எம்சிபி (மிகை மின்னோட்டத்தில் தானே அணையும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பாயிண்ட் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் நல்ல எர்த்தும் இல்லாமல் ஈரத் தரையில் நின்று வேலை செய்யாதீர்கள். டியூப் லைட்டைக் கூரை நடுவில் மாட்டினால் பானெட்டைத் திறந்ததும் வெளிச்சம் மறைந்துவிடும். இரண்டு பக்கச் சுவரிலும் மாட்டுங்கள்.

உண்மையில் முதல் வருடம் கம்ப்ரசரே தேவைப்படாது. ஆயில் மாற்றுவது, பிரேக் பேட், பிளக், ஃபில்டர் எல்லாம் கை வேலைதான். வாங்கிவிட்டால் தினமும் டேங்க்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். நம் ஈரக் காற்றில் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடித்து மெலியும்.

ஸ்பேனர் வாங்கும்போது 150 உருப்படி கொண்ட பெட்டியைக் கண்டு மயங்க வேண்டாம். அதில் பல அங்குல அளவில் இருக்கும், இங்கே ஓடும் கார்களுக்கு அவை அநேகமாகப் பயன்படாது. மாருதி, ஹூண்டாய் வைத்திருப்பவருக்கு 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகள் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா என்றால் 13, 16, 18, கூடவே நட்சத்திர முனை கொண்ட டார்க்ஸ் பிட்டுகள். சாக்கெட் ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும், பன்னிரண்டு மூலை இறுகிய போல்ட்டின் தலையைச் சீக்கிரம் உருட்டிவிடும்.

மிச்சப்பட்ட காசில், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச். ‘கை சொல்லும்’ என்று நம்பி ஆயில் டிரெய்ன் பிளக்கை இறுக்கி, அலுமினிய சம்ப்பின் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) மரையைக் கெடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்கு ஓடியிருக்கிறேன். எவ்வளவு இறுக்கம் என்று வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கழற்றுவதற்கு அந்த ரெஞ்சைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

பழைய ஆயிலைத் தோட்டத்து ஓரம் ஊற்றுவதும் சாக்கடையில் விடுவதும் கிணறும் போர்வெல்லும் உள்ள தெருவுக்குச் செய்யும் துரோகம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. ஒரு கேனில் மூடி வைத்து, அனுமதி பெற்றுச் சேகரிப்பவர்களிடம் ஒப்படைக்கிற சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள். ஆயில் துடைத்த பனியன் வேஸ்ட்டை மூலையில் குவிக்காமல் மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள். 4 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பானை வாசலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். மேஜைக்குப் பின்னால் மாட்டினால், பற்றி எரியும் பானெட்டைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டியிருக்கும்.